மைசம்மா நகர்ந்த பன்னிரண்டு அடி

என் கணவர் பதினோரு மாதம் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியில் குளித்தார். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மறைப்புக்குத் துணிக்கொடியில் என் பழைய சேலைகள் இரண்டு. வெந்நீர் வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு நான் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். எழுந்திருக்கும்போது கைகொடுக்க ஆள் வேண்டும் என்பதால் உள்ளேயும் போக முடியாது; அவருக்குக் கூச்சம் என்பதால் பார்க்கவும் கூடாது. முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்திய பிறகும் இதுதான் நிலைமை. வீட்டுக்குள் இருக்கும்போதுகூடச் சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொள்கிற மனிதர். பக்கத்தில் புதிதாக எழும்பிய அபார்ட்மென்ட் மாடியில் யாராவது துணி உலர்த்த வந்தால், பாதி சோப்போடு தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் போகும்வரை காத்திருப்பார்.

எல்லாம் இடுப்பெலும்பு உடைந்ததால் வந்தது. ஸ்டூல் மேல் ஏறி டியூப்லைட்டைத் துடைக்கப் போய் விழுந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் மாடிப்படி மட்டும் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் படுக்கையறையும் குளியலறையும் மாடியில். கீழே ஹால், சமையலறை, படிக்கட்டுக்கு அடியில் நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு கக்கூஸ், அவ்வளவுதான். ஏரிக்காற்று வாங்க வேண்டும் என்று படுக்கையறையை மாடிக்குக் கொண்டுபோனது யார் என்று கேட்கக் கூடாது. நான்தான்.

ஏரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். செகந்திராபாத்துக்கு வெளியே குஷாய்குடாவைத் தாண்டி, அவர் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலைக்கு சைக்கிளில் போய்வரும் தூரத்தில், கோடையில் பாதி வற்றி எருமைகள் மேயும் ஒரு சின்ன நீர்நிலை. மல்காஜ்கிரி ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒன்றரை அறைக்குள் வளர்ந்தவளுக்கு அதுவே கடல். நாங்கள் வீடு கட்டியபோது அந்தப் பக்கம் ஆட்டோக்காரர்கூட வரமாட்டார்.

கீழே ஒரு அறை, அதோடு ஒட்டி ஒரு குளியலறை. எனக்கு வேண்டியது அது மட்டும்தான். முன்னால் ரோடு, இரண்டு பக்கமும் அண்டை வீடுகள், காலியிடம் இருந்தது பின்பக்கம் மட்டும். பின்பக்கம் ஏரி. அங்கேதான் வந்தது சிக்கல். ஏரி நிரம்பினால் தண்ணீர் எதுவரை வருமோ அங்கே அரசாங்கம் எண் போட்டுக் கல் நட்டிருக்கும். அந்தக் கல்லிலிருந்து ஒன்பது மீட்டருக்குள் சுவர் எழுப்பக் கூடாது. எழுப்பியே ஆகவேண்டும் என்றால் நகராட்சியில் ஒரு பரிசீலனைக் குழு இருக்கிறது, அது பார்த்து விலக்குத் தரவேண்டும். பிளான் வரைந்த எஞ்சினியர், "இடம் தாராளமா இருக்கு மேடம், கல் எங்கேயோ ஏரிக்குள்ள இருக்கும்" என்றார். விண்ணப்பம் கொடுத்தேன்.

என் கணவர் ஆரம்பத்திலிருந்தே முட்டுக்கட்டை. "ரூம் நக்கோ. விடு. இப்ப இன்னா கொறஞ்சிபோச்சு?" என்பதே அவர் பேச்சு. அரக்கோணத்திலிருந்து அவர் அப்பா கொண்டுவந்த தமிழில் வேண்டாம் என்பதற்கு நக்கோவும் ஆமாம் என்பதற்கு ஹவ்வுமாக இந்த ஊர்ப் பேச்சு எப்போது கலந்தது என்று அவருக்கே தெரியாது. தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. தலைமுடி அளவுக்குப் பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்புகிற வேலை. அப்படிப்பட்டவர் இந்தப் பிளானைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். இரண்டு முறை சொல்லியும் காட்டினேன்.

சர்வேயர் ஒரு காலையில் வந்தார். எங்கள் வீட்டுக்கு நேராகப் பதினேழாம் கல் இருக்க வேண்டும் என்று ஏரியோரம் தேடினார். இல்லை. பதினாறாம் கல்லின் மேல் அபார்ட்மென்ட்காரர்கள் லாரி லாரியாக மண் கொட்டியிருந்தார்கள். பதினெட்டு, ஏரி வளைகிற இடத்துக்கு அந்தப் பக்கம். அப்புறம் எங்கள் வேலிக்கு உள்ளே, வேப்பமரத்தடியில், நாலு டைல்ஸ் பதித்த மேடைமேல் மஞ்சளும் குங்குமமுமாக நின்ற எங்கள் கல் அம்மன் மைசம்மாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கிட்டே போய்க் கும்பிட்டார். பிறகு குந்தி உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தால் மஞ்சளைச் சுரண்டினார். உள்ளேயிருந்து ஒன்றும் ஏழும் வெளியே வந்தன.

அங்கிருந்து சமையலறைச் சுவர்வரை டேப் பிடித்தார். எட்டு மீட்டர் எண்பது. புது அறைக்கு இடமில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இருபது வருடத்துக்கு மேலாக நான் சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிற சமையலறையே ஒரு சாண் தூரம் உள்ளே நிற்கிறது. சர்வேயர் வருத்தத்தோடுதான் சிவப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். சுவரில் ஒரு அம்புக்குறி போட்டுவிட்டுப் போனார். அறை கேட்கப் போய் அடுப்படியையும் தோற்றுவிட்டு நின்றேன்.

சர்வேயர் சுரண்டிய நிமிடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கல்லை அங்கே கொண்டுவந்தவள் நான்.

பல வருடத்துக்கு முன்னால் ஒருநாள் செகந்திராபாத்தில் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால் ஏரியோரத்தில் இடுப்புயரக் கல் ஒன்று புதிதாக நின்றது. பக்கத்து வீட்டு அக்கா அதற்குள் குங்குமம் வைத்துவிட்டிருந்தார். தெலுங்குக்காரர். இந்த ஊரில் ஏரி இருந்தால் கரையைக் காக்க ஒரு கட்ட மைசம்மா இருந்தே ஆகவேண்டும், எங்கள் ஏரிக்கு அதுவரை இல்லாததுதான் அவருக்குக் குறை. அதில் ஏதோ எழுத்து இருந்தது. இருந்தால் என்ன, கோயில் தூணில் எழுத்து இல்லையா? நானும் என் பங்குக்கு வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் வைத்தேன். ஒரே மாதத்தில் எழுத்து மஞ்சளுக்குள் போய்விட்டது.

அந்த வருடம் என் அம்மா இறந்துபோனார். நான் பெரிய பக்திமான் இல்லை. ஆனாலும் ஆபீஸ் விட்டு வந்ததும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் அழுதால் யாராவது வந்து சமாதானம் சொல்வார்கள், அங்கே அந்தத் தொல்லை இல்லை. மழை பிடித்ததும் தண்ணீர் கல்லைச் சுற்றிக்கொண்டது. கெண்டைக்கால் சேற்றில் போய் நிற்பேன். அக்காதான் சொன்னார், அம்மன் நனைகிறாள், நீயும் நனைகிறாய், மேட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று. அவர் வீட்டு மாடியில் வேலை செய்த இரண்டு கொத்தனார்கள் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். கல் மட்டும் பெயர்ந்து வந்தது. வேலிக்கு உள்ளே வேப்பமரத்தடியில் நட்டோம், பொங்கல் வைத்தோம், தேங்காய் உடைத்தோம். ஊரான் கல் என்ற நினைப்பே இல்லை.

என் கணவர் அப்போது ஏதோ இயந்திரம் பொருத்துவதற்காக ஒரு மாதம் வடக்கே போயிருந்தார். மறுவாரம் திரும்பி வந்தவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, "மைசம்மா எடம் மாறிட்டா போல" என்றார். நான் "ஹவ்" என்றேன். அதோடு சரி. சாமி விஷயம் என்று விட்டுவிட்டார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இப்போது யாரிடம் சொல்ல? அரசாங்கக் கல்லை அசைத்தால் கேஸ் போடலாம் என்று பிளான் போட்ட எஞ்சினியரே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். கணவரிடம் சொன்னால் கவலைப்படுவார், இருக்கிற நிலைமையில் அது வேறு எதற்கு என்று மறைத்தேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவர் என்னைவிடத் தைரியசாலி. "நான் எதையும் பார்க்கவில்லை, எனக்கு எதுவும் தெரியாது, மைசம்மா தானாக நடந்துவந்தாள்" என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். ஒருநாள் குளித்து முடித்துக் கைபிடித்து எழும்போது அவர் சொன்னார்: "இனிமே ஒருநாள் விட்டு ஒருநாள் குளிச்சிக்கறேம்மா. உனக்கும் வேல மிச்சம்." ஜீடிமெட்லாவில் தம்பி வீட்டுக்குப் போனால்கூட அங்கே மருந்துக் கம்பெனிகளின் நெடி சட்டையில் ஏறிவிட்டது என்று திரும்பி வந்தவுடன் இன்னொரு முறை குளிக்கிறவர். கேஸாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆகிவிட்டது எனக்கு.

குழு கூடுவது நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில். அவரால் ஏற முடியாது, நான் மட்டும் போனேன். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர்: தலைமை தாங்கிய நகரமைப்பு அதிகாரி, நீர்ப்பாசனத் துறையிலிருந்து ஒரு பெண் எஞ்சினியர், எங்கள் வீட்டுக்கு வந்த அதே சர்வேயர். எனக்கு முன்னால் போனவர் ஏரியைப் பார்த்தபடி நீச்சல் குளம் கட்ட விலக்குக் கேட்டார். ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு குளம் வேண்டுமாம். அவரை அனுப்பிவிட்டு என் ஃபைலைத் திறந்து, "உங்களுக்கு இடமே இல்லையேம்மா" என்றார் அதிகாரி.

எல்லாம் தெலுங்கில்தான் பேசினோம். "கல் அரசாங்கம் நட்ட இடத்தில் இல்லை. நான்தான் வீட்டுப் பக்கம் நகர்த்தினேன். பன்னிரண்டு அடி இருக்கும்" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஊரில் கல்லை நகர்த்தாதவர்கள் குறைவு. ஆனால் எல்லாரும் ஏரிப் பக்கம்தான் தள்ளுவார்கள். தன் வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டதாகச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான். அதுவும் இன்றைக்குத்தான் ஞாபகம் வந்ததா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பொய் சொல்வதென்றால் கேஸ் வராத பொய்யாகப் பார்த்துச் சொல்லத் தெரியாதா எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் எஞ்சினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். வரைபடத்தை விரித்தார்கள். அதில் பேனாக் கோட்டின் தடிமனே பன்னிரண்டு அடிக்குச் சமம், ஒன்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் எஞ்சினியர்தான் வழி சொன்னார். கல் நடும்போது அடியில் சிமென்ட் போட்டிருப்பார்கள், அது மண்ணுக்குள் இன்னும் இருக்கும், நேரில் வருகிறோம், இடத்தைக் காட்டுங்கள். காட்டினால் நம்புகிறோம். காட்டாவிட்டால் இப்போது இருக்கும் அளவுதான் அளவு.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீயே சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேரும் கோடை வெயில் ஏறுவதற்கு முன் வந்துவிட்டார்கள். மண் வெட்ட இரண்டு ஆட்கள். ஆபீஸில் எந்தக் கடிதம் எந்த அலமாரியில் என்று என்னைத்தான் கேட்பார்கள், என் ஞாபகசக்திமேல் எனக்கு அவ்வளவு கர்வம். விறுவிறுவென்று வேலியைத் தாண்டிப் போய், "இங்கே" என்று காலால் கோடு கிழித்தேன். முழங்கால் ஆழம் வெட்டினார்கள். நத்தை ஓடுதான் கிடைத்தது. "இல்லை, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன். அங்கேயும் இல்லை. அக்கா இதற்குள் மைசம்மாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, "அம்மவாரினி கதபகூடது" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மனை அசைக்கக் கூடாதாம். அசைத்ததே இவரும் நானும்தான். எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது பின்வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு என் கணவர் வந்து நின்றார். மேல்பொத்தான் போட்டிருந்தார். "ஏம்மா, அந்த கரண்ட் மீட்டர் பொட்டிக் கதவத் தெற" என்றார்.

மீட்டர் பெட்டியின் மரக்கதவுக்கு உள்பக்கம், பென்சிலில், பொடிப்பொடியான அவர் கையெழுத்து. கல் பழைய இடம். சமையலறையின் வலது மூலையிலிருந்து இவ்வளவு, இடது மூலையிலிருந்து இவ்வளவு. பன்னிரண்டு அடி நாலு அங்குலம் உள்ளே வந்திருக்கிறது. கீழே தேதி. ஊரிலிருந்து திரும்பி வந்த மறுநாளே, நான் ஆபீஸ் போன பிறகு, குழி தூர்ந்துபோகும் முன் அளந்து எழுதி வைத்திருக்கிறார். சர்வேயர் அதைப் படித்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரைப் பார்க்கிற பார்வை. இரண்டு மூலையிலிருந்தும் இரண்டு டேப்பை இழுத்தார்கள். அவை சந்தித்த இடம் என் குழிகளிலிருந்து நன்றாக எட்டி, கோரைப்புல்லுக்கு நடுவில் இருந்தது. மூன்றாவது வெட்டிலேயே கடப்பாரை சிமென்ட்டில் போய் இடித்தது.

அவர்கள் அளந்துகொண்டிருக்கும்போது நான் அவரிடம் போனேன். "தெரிஞ்சுதான் இருந்துச்சா?"

"கல்லுல எழுத்து இருந்துச்சேம்மா."

"அப்பவே சொல்றதுக்கு என்னங்க?"

"உங்கம்மா போயி ரெண்டு மாசம்கூட ஆவல. டெய்லி அங்க போயி குந்திகினு அழுதுட்டு வருவ. வர்றப்ப மூஞ்சி தெளிஞ்சிருக்கும். அத்த போயி கவர்மென்ட்டு கல்லுன்னு எப்டி சொல்றது?"

"சரி, சுவத்துல பெயிண்ட் அடிச்சாங்களே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"கதவக் காட்டுனா, நீதான் நகத்துனன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். கேஸு உன் மேலதான வரும்? அதுக்கு நான் வெளியவே குளிச்சிட்டுப் போறேன். இப்பதான் நீயே போயி சொல்லிட்டியே."

இத்தனை மாதம். அபார்ட்மென்ட் மாடியில் ஆள் வந்த ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு, பத்தடி தூரத்தில் ஒரு மரக்கதவைத் திறந்து காட்டினால் போதும் என்று தெரிந்தே இருந்திருக்கிறது. நான் அவரைச் சோம்பேறி என்றிருக்கிறேன். அதிகாரிகள் எதிரிலேயே அழுதுவிட்டேன். எஞ்சினியர் என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழைய இடத்திலிருந்து அளந்ததில் சமையலறைக்கு ஆபத்தில்லை. புது அறைதான் ஒன்பது மீட்டருக்கு நாலு அங்குலம் குறைந்தது. நாலு அங்குலத்துக்கு விலக்கு வேண்டுமானால் மறுபடி விண்ணப்பம், மறுபடி குழு, எப்போது கூடும் என்று சொல்ல முடியாது. கேட்டுவிடலாம் என்று நான் வாயெடுத்தேன். "நக்கோ. ரூம்ல நாலு இஞ்ச் கொறைச்சிக்கோ" என்றார் அவர். அதிகாரி அங்கேயே எழுதிக்கொண்டார். கல்லை என் செலவில் பழைய இடத்தில் நடவேண்டும், மன்னிப்புக் கடிதம் தரவேண்டும், கேஸ் வேண்டாம் என்று முடிந்தது. முப்பது வருடம் ஆபீசர்களுக்காக மன்னிப்புக் கடிதம் டைப் அடித்துக் கொடுத்தவள், முதல் தடவையாக எனக்கென்று ஒன்று அடித்தேன். அதில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

அக்காவைச் சமாளிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. அதையும் அந்தப் பெண் எஞ்சினியரே செய்தார். எண் இருக்கிற முகம் வீட்டைப் பார்த்து இருக்கட்டும், அதில் பொட்டு வைக்காதீர்கள். ஏரியைப் பார்த்த முகம் உங்களுக்கு, எவ்வளவு மஞ்சள் வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா யோசித்தார். மைசம்மா தண்ணீரைப் பார்த்து நிற்பதுதான் முறை, இத்தனை நாள் நாம்தான் தப்பாக வைத்திருந்தோம் என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். ஆஷாட மாதத்தில் தலையில் படையல் பானையோடு போனம் எடுத்து, வேப்பிலை கட்டி, மைசம்மாவைத் திரும்பக் கொண்டுபோய்விட்டோம். சர்வேயரும் வந்திருந்தார். கல் செங்குத்தாக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டு, அதே கையால் தேங்காய் உடைத்தார்.

மழைக்காலம் முடிவதற்குள் அறை எழும்பிவிட்டது. நாலு அங்குலம் குறைந்ததில் கட்டிலை நாங்கள் நினைத்த பக்கம் போட முடியவில்லை, ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டோம். இப்போது படுத்தபடியே ஏரி தெரிகிறது. தண்ணீர் ஏறி மைசம்மாவின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அங்கே போய் உட்கார முடியாது, உட்காரவேண்டிய தேவையும் இல்லை. ஜன்னலிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன்.

குளியலறையில் முதல் குளியலுக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் பார்க்கவில்லை. டைல்ஸ் காய்ந்ததும் வாளியை வைத்தேன். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்கார ஸ்டூல், எல்லாம் அவர் அளவெடுத்து வைத்தவை. "தாப்பாள் போடாதீங்க, விழுந்து வச்சா யாரு கதவ ஒடைக்கிறது?" என்றேன். சரி சரி என்று உள்ளே போனார். போன கையோடு தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. தண்ணீர் நிதானமாக விழுந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு பாட்டுகூட முனகினார், இடுப்பு உடைந்ததிலிருந்து நான் கேட்காத சத்தம். "வெந்நீர் தீந்துச்சா? இன்னொரு வாளி வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. நீ இன்னும் அங்கயேவா நிக்கற?"

அப்போதுதான் கவனித்தேன். சாத்திய கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துண்டும் கையுமாக, அந்தப் பக்கம் திரும்பித்தான் நின்றிருந்தேன்.